விலை குறைந்த பேஸ் கிட்டாரில் தொடங்குபவருக்கு: எது கருவியின் குறை, எது கையின் குறை?

விலை குறைந்த நான்கு கம்பி எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கி, ஆசிரியர் இல்லாமல் பழகத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது என்கிறீர்கள். கம்பிகள் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில், பட்டுக் கரகரக்கின்றன. இடது கை விரைவில் வலிக்கிறது. பாட்டுகளில் கேட்கும் அந்தத் திரட்சி உங்கள் வாசிப்பில் வரவில்லை. இதை விற்றுவிட்டு நல்ல கருவி வாங்குவதா, இதிலேயே கற்க முடியுமா, முடியுமென்றால் எதிலிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி.

விற்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளில் முதலாவது பெரும்பாலும் கருவியுடையது. ஆனால் சரிசெய்யக் கூடியது. இரண்டாவதில் பாதி கருவியுடையது, பாதி கையுடையது. மூன்றாவது ஏறக்குறைய முழுக்கக் கையுடையது; எத்தனை மடங்கு விலை கொடுத்து வேறு கருவி வாங்கினாலும் அது உங்களோடு கூடவே வரும். தொடக்கத்தில் மனத்தை ஒடிப்பது இவை ஒன்றோடொன்று கலந்து கிடப்பதுதான். கருவி செய்யும் தவறுக்குத் தன்னை நொந்துகொள்கிறோம். கை செய்யும் தவறுக்குக் கருவியைக் குறை சொல்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், கையில் இருக்கும் இந்தக் கருவியிலேயே சில ஆண்டுகள் நிம்மதியாகக் கற்கலாம்.

எலெக்ட்ரிக் பேஸ் பிறந்த விதமே இதற்குச் சாதகமானது. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிடும்வரை, பெரும்பாலான குழுக்களில் கீழ்ச்சுரங்களை வாசித்தது ஆளுயர டபுள் பேஸ். தூக்கிச் செல்வது பாடு. மற்ற கருவிகளுக்கு நடுவே ஒலி எடுபடாது. ஃப்ரெட் இல்லாததால் சுரத்தானத்தைக் காதாலேயே பிடிக்க வேண்டும். அவர் செய்தது ஒரு மரப்பலகை, திருகுகளால் பூட்டிய கழுத்து, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒரு பிக்கப், இரண்டு குமிழ்கள். தொழிற்சாலையில் எளிதாகச் செய்து, எளிதாகப் பழுதுபார்க்க வேண்டும் என்பதே அந்த வடிவமைப்பின் நோக்கம். இன்று குறைந்த விலையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் கருவியின், அல்லது 1960இல் வந்த ஜாஸ் பேஸின் நேர் வாரிசுகள். மரத்தைக் கணினி கட்டுப்படுத்தும் இயந்திரங்கள் அறுப்பதால் ஃப்ரெட்டுகளின் இடம் விலை குறைந்த கருவியிலும் சரியாகவே இருக்கும். தயாரிப்பாளர் மிச்சம் பிடிப்பது மனிதக் கை நேரம் செலவிட வேண்டிய இடங்களில்: ஃப்ரெட் முனைகளை மழுக்குவது, கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் ஏறிச் செல்லும் சிறு பட்டையான நட்டின் பள்ளங்களை அளவாக அறுப்பது, கடைசியாகக் கருவியை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவருவது. செட்டப் என்று சொல்லப்படும் அந்தக் கடைசி வேலை பெரும்பாலும் செய்யப்படாமலே பெட்டிக்குள் போய்விடுகிறது. உங்களுடைய கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

செட்டப்பை நீங்களே செய்துகொள்ளலாம். தேவைப்படுவது கருவியோடு வந்த ஆலன் சாவிகள், ஒரு சிறு ஸ்க்ரூடிரைவர், மில்லிமீட்டர் அளவுகோல், ஒரு டியூனர், அவசரமில்லாத ஒரு பிற்பகல். செய்யும் வரிசை முக்கியம். முதலில் கம்பி, பிறகு கழுத்தின் வளைவு, பிறகு கம்பியின் உயரம், கடைசியில் சுரத் திருத்தம். வரிசை மாறினால் பின்னால் செய்தது முன்னால் செய்ததைக் கெடுத்துவிடும்.

கம்பியிலிருந்து தொடங்குவோம். கருவியோடு வந்த கம்பிகள் கிடங்கில் நெடுநாள் இருந்து உயிரிழந்திருக்கலாம். ஒலி மந்தமாக, பஞ்சில் அடித்தது போல இருந்தால் புதிய செட் போடுங்கள். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் 45, 65, 85, 105 என்ற தடிமன்களில் வரும் செட் பரவலாகப் பயன்படுவது, அதிலேயே இருங்கள். மலிவான பேஸுக்குச் செய்யக்கூடிய செலவுகளில் உடனே காதுக்குத் தெரிவது இதுதான். பிக்கப்பை மாற்றச் சொல்பவர்கள் இருப்பார்கள். கம்பியை மாற்றாமல் பிக்கப்பை மாற்றுவது வீண் செலவு.

அடுத்து கழுத்து. நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கும் அதிகமான விசையோடு கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. அதை எதிர்த்துப் பிடிப்பதற்காகக் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும் கடைசி ஃப்ரெட்டில் இன்னொரு விரலாலும் அழுத்திப் பிடியுங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர்க்கோடு. ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கழுத்து மிகவும் நேராகவோ பின்னோக்கி வளைந்தோ இருக்கிறது. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் கரகரப்பு வருவது அதனால்தான். இடைவெளி ஒரு மில்லிமீட்டரைத் தொட்டால் வளைவு அதிகம். கம்பி நடுவில் எட்டாத உயரத்தில் இருக்கும், விரல் வலிக்கும்.

ட்ரஸ் ராட்டின் மரையை வலஞ்சுழியாக இறுக்கினால் கழுத்து நேராகும். இடஞ்சுழியாகத் தளர்த்தினால் வளைவு கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகிய பின் ஸ்ருதியை மீண்டும் சேர்த்து, சிறிது நேரம் விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். சாவி சரியாகப் பொருந்தவில்லையென்றாலோ மரை கடினமாக இருந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டுக் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். செட்டப்பின் வேலைகளில் கருவிக்கு நிரந்தரச் சேதம் விளைவிக்கக் கூடியது இது ஒன்றுதான். இதை நான் அழுத்திச் சொல்வது பயமுறுத்த அல்ல. கால் சுற்று, பொறுமை என்ற இரண்டையும் கடைப்பிடிப்பவருக்கு இதில் ஆபத்து எதுவும் இல்லை.

கழுத்து சரியான பிறகு கம்பியின் உயரம். வாசிப்பவர்கள் இதை ஆக்ஷன் என்பார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேற்புறத்திலிருந்து கம்பியின் அடிப்பக்கம்வரை அளந்தால், தடித்த ஈ கம்பியில் சுமார் 2.5 மி.மீ., மெல்லிய ஜி கம்பியில் சுமார் 2 மி.மீ. இருப்பது தொடங்குபவருக்கு வசதி. கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் ஏறி உட்காரும் சாடிலில் இரண்டு சிறு ஆலன் திருகுகள் இருக்கும். அவற்றை ஏற்றி இறக்கி இந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதைவிடத் தாழ்வாக வைக்க ஆசை வரும். மென்மையாக வாசிக்கும் பழக்கம் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இப்போது உங்கள் வலது கை ஓங்கி அடிக்கும். தாழ்ந்த கம்பி அதைத் தாங்காது.

கடைசியாகச் சுரத் திருத்தம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஒரு சுரம் கேட்கும். அதே இடத்தில் அழுத்தி வாசித்தாலும் டியூனர் அதே அளவைக் காட்ட வேண்டும். அழுத்தியது கூடுதலாகக் காட்டினால் சாடிலைக் கழுத்திலிருந்து விலக்குங்கள். குறைவாகக் காட்டினால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் ஸ்ருதியைச் சேர்த்துவிட்டுத்தான் மறுபடி ஒப்பிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பின் மீதமிருக்கும் கரகரப்பு எங்கே வருகிறது என்று கவனியுங்கள். இடமே காரணத்தைச் சொல்லிவிடும். திறந்த கம்பியில் மட்டும் வந்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் வந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் மட்டும் வந்தால் பிரிட்ஜ் பக்கம் உயரம் போதவில்லை. கம்பியிலிருந்து வராமல் எங்கிருந்தோ வருவது போல இருந்தால் டியூனிங் முளைகளின் திருகுகளையும் பிரிட்ஜின் ஸ்பிரிங்குகளையும் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும். ஆம்ப்பில், அதாவது ஒலிபெருக்கியில், இணைக்காதபோது மட்டும் கேட்டு, இணைத்தால் கேட்காமல் போகும் கரகரப்பை விட்டுவிடுங்கள். அது விலை உயர்ந்த கருவிகளிலும் உண்டு. ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்வரை எங்காவது ஒரு சுரம் மட்டும் சட்டென்று சாவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து தானும் சேர்ந்து அதிர்ந்து அந்தச் சுரத்தின் ஆற்றலை உறிஞ்சிவிடுகிறது. திருகுகளால் பூட்டிய கழுத்துள்ள நல்ல பேஸ்களிலும் இதைக் கேட்கலாம்.

ஸ்ருதி நிற்கவில்லை என்று தோன்றினால் டியூனிங் முளையைக் குற்றம் சொல்வதற்கு முன், கம்பி முளையில் இரண்டு மூன்று சுற்றாவது சுற்றியிருக்கிறதா, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி இறங்குகின்றனவா என்று பாருங்கள். சேர்க்கும்போது எப்போதும் சுரத்துக்குக் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். கூடிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றுங்கள். நட்டில் கம்பி சிக்கி டிக்கென்று சத்தம் வந்தால் பள்ளத்தில் பென்சில் முனையால் நாலு தடவை தேய்த்தால் போதும். அதிலுள்ள கிராஃபைட் வழுக்கலைக் கொடுக்கும்.

குமிழைத் திருப்பினால் கரகரத்தால் உள்ளே தூசி. மின்தொடர்புகளைத் துப்புரவு செய்யும் ஸ்ப்ரே ஒன்று தீர்த்துவிடும். ஒலி விட்டு விட்டு வந்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். பேட்டரி போடும் வகைப் பேஸ் என்றால், கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது, நீங்கள் வாசிப்பதை எதில் கேட்கிறீர்கள் என்பது. ஃபோனில் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். பேஸின் திறந்த ஈ கம்பி நொடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. ஏ 55, டி 73, ஜி 98. ஃபோன் ஸ்பீக்கரால் இவற்றில் ஒன்றைக்கூட எழுப்ப முடியாது. அதன் மடங்குகளான மேல் அதிர்வுகளை மட்டும் அது தருகிறது. மூளை அவற்றிலிருந்து அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. எந்தச் சுரம் என்று புரியும், ஆனால் உடல் இருக்காது. உங்கள் வாசிப்பில் திரட்சி இல்லை என்பதற்கு இது ஒரு பங்கு காரணம். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனைப் பயன்படுத்துங்கள். ஹெட்ஃபோன் துளை உள்ள சிறிய பேஸ் ஆம்ப் ஒன்று இருந்தால் தனிப் பயிற்சிக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். டிரம்ஸ் வாசிப்பவரோடு அமரும் நாள் வந்தால் அது போதாது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். கிட்டார் ஆம்ப்தான் இருக்கிறது என்றால் ஒலியைக் குறைத்து வைத்து வாசிக்கலாம். உரக்க வைத்தால் அதன் ஸ்பீக்கர் கெட்டுப்போகக்கூடும். ஒரு எச்சரிக்கை: கீழ் ஒலிகளைக் காது குறைவாகத்தான் உணரும் என்பதால் ஹெட்ஃபோனில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். கூட்டாதீர்கள்.

ஃபோன் டியூனர் ஈ கம்பியைப் பிடிக்காமல் அலைபாய்வதற்கும் அதன் அதிர்வு இவ்வளவு தாழ்ந்திருப்பதே காரணம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தொட்டு மீட்டும் அந்த மணிச்சுரத்தைக் கொடுங்கள். அது 82 அதிர்வுகள்; உடனே பிடித்துக்கொள்ளும்.

இனி கை. இடது கை வலிப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்க முடியும். உயரமான கம்பி, அதை மேலே சரிசெய்துவிட்டோம். அடுத்தது அளவுக்கு மீறிய அழுத்தம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஏதாவது ஒரு ஃப்ரெட்டில் விரலை வைத்து, அழுத்தாமல் தொடர்ந்து மீட்டிக்கொண்டே இருங்கள். முதலில் மொட்டையான தட்டல் கேட்கும். மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள், கரகரப்பு வரும், இன்னும் ஒரு துளி கூட்டினால் சுரம் தெளிந்து வரும். அங்கே நிறுத்துங்கள். தேவையான அழுத்தம் அவ்வளவுதான். நீங்கள் இதுவரை கொடுத்து வந்ததோடு ஒப்பிட்டால் திகைத்துப்போவீர்கள். விரல் ஃப்ரெட்டை ஒட்டி, அதன் தலைப்பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் வைத்தால் அதிகம் அழுத்த வேண்டிவரும். கருவி நன்றாக இருந்தாலும் கரகரக்கும். கரகரப்பில் ஒரு பகுதி கையுடையது என்பது இங்கேதான்.

மூன்றாவது காரணம் விரல்களை விரிப்பது. கிட்டாரில் ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று சொல்லிக்கொடுப்பார்கள். பேஸின் கம்பி நீளம் வழக்கமாக 34 அங்குலம். அதில் முதல் ஃப்ரெட்டின் அகலம் மட்டும் ஏறக்குறைய 48 மி.மீ. நட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட்வரை கிட்டத்தட்ட 18 செ.மீ. அங்கே நான்கு விரல்களையும் விரித்து நிறுத்துவது மணிக்கட்டுக்குக் கேடு. டபுள் பேஸ்காரர்கள் இதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே வழி கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரியக் கலைஞர் ஃபிரான்ட்ஸ் சிமாண்டல் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய பாடமுறையில், சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும்தான் தனித்தனியாக இயங்கும். மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாக அதனோடு சேர்ந்தே அழுத்தும். அதாவது மூன்று ஃப்ரெட்டுக்கு ஒரு கை. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் இதைப் பின்பற்றுங்கள்; மேலே போகப் போக இடைவெளி சுருங்கும், பன்னிரண்டாவதைத் தாண்டியதும் பாதியாகிவிடும்; அங்கே நான்கு விரலையும் இயல்பாகப் பயன்படுத்தலாம். எட்டாத இடத்துக்கு விரலை நீட்டாதீர்கள், கையையே நகர்த்துங்கள். கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் ஓய்வாக ஒட்டியிருக்கட்டும். மணிக்கட்டு மடங்காமல் இருக்கட்டும்.

மலிவான பேஸ்களில் உடல் மரம் லேசாகவும் தலை கனமாகவும் இருந்தால் கழுத்து தரையை நோக்கிச் சாயும். இடது கை அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வாசிக்கும். வலிக்கு அதுவும் ஒரு மறைவான காரணம். உள்புறம் சொரசொரப்பான அகலப் பட்டை ஒன்று மாட்டி, உட்கார்ந்து வாசிக்கும்போதும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நின்றாலும் உட்கார்ந்தாலும் கருவி ஒரே உயரத்தில் இருக்கும்படி அதன் நீளத்தை வைத்தால், கை ஒரே நிலையைப் பழகும். விரல் நுனியில் எரிச்சலும் தோல் தடிப்பதும் இயல்பு. எரிச்சல் சில வாரங்களில் போய்விடும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ சுரீரென்ற வலி வந்தால் அன்றைக்கு வைத்துவிட வேண்டும்.

வலது கைக்குத் தொடக்கத்தில் ஒரே விதி: சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி. கட்டைவிரலை பிக்கப்பின் மேல் ஊன்றி, விரலைக் கம்பியின் மேல் வைத்து, உள்நோக்கித் தள்ளி, அடுத்த தடித்த கம்பியின் மேல் அது வந்து சாயும்படி மீட்டுங்கள். கம்பியைக் கொக்கி போட்டு வெளியே இழுக்கக் கூடாது. இழுத்தால் அது ஃப்ரெட்டில் போய் மோதும். கரகரப்பின் இன்னொரு ஊற்று அது. இரண்டு விரலும் ஒரே வலுவில் ஒலிக்க நாள் பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்த விரல் என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வர வேண்டும். பிக் என்ற சிறு வில்லையைக் கொண்டு வாசித்தாலும் தவறில்லை. அமெரிக்கப் பேஸ் கலைஞர் கரோல் கே ஸ்டூடியோக்களில் எண்ணற்ற பதிவுகளைப் பிக் கொண்டுதான் வாசித்தார். ஜேம்ஸ் ஜேமர்சன் 1960களில் மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த பேஸ் இன்றும் அந்தக் கலையின் அளவுகோலாக இருக்கிறது. அவர் வலது கையின் சுட்டுவிரல் ஒன்றை மட்டும் வைத்தே வாசித்தார். அவருடைய கருவி கடையில் கிடைத்த சாதாரணப் பிரிசிஷன் பேஸ். அதன் பழைய கம்பிகளை அவர் மாற்ற விரும்பியதே இல்லை.

அடுத்து சொல்லப்போவதுதான் உங்கள் மூன்றாவது தொல்லைக்கான விடை. தொடங்குபவர் எந்தச் சுரத்தை எப்போது தொடங்குவது என்பதில் முழுக் கவனத்தையும் வைக்கிறார். அது எப்போது முடிகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. பேஸில் பாதி இசை அந்த முடிவில்தான் இருக்கிறது. தடித்த கம்பி தானாக ஓயாது. நீங்கள் அடக்காவிட்டால் அடுத்த சுரத்தின் மேல் கவிந்து, ஒலி முழுவதையும் சேறாக்கிவிடும். பதிவுகளில் நீங்கள் கேட்டுப் பொறாமைப்படும் அந்தத் திரட்சி, பெரும்பாலும் மற்ற மூன்று கம்பிகளின் மௌனம்தான்.

ஆகவே மீட்டுவதற்குச் சமமாக அடக்குவதைப் பழகுங்கள். கம்பி ஒன்றை அடக்க வழிகள் இரண்டு. இடது விரலின் அழுத்தத்தைத் தளர்த்தி, ஆனால் கம்பியைவிட்டு எடுக்காமல் தொட்டபடி இருந்தால் சுரம் நிற்கும். முழுவதும் எடுத்தால் திறந்த கம்பி ஒலிக்கத் தொடங்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். மற்றது வலது கை: ஏ கம்பியை வாசிக்கும்போது கட்டைவிரல் பிக்கப்பிலிருந்து இறங்கி ஈ கம்பியின் மேல் படியட்டும். டி கம்பிக்குப் போகும்போது கட்டைவிரல் ஈயிலும், மீட்டி முடித்த விரல் ஏயிலும் சாயும். மெல்லிய கம்பிகளை இடது கை விரல்களின் அடிப்பாகம் லேசாகத் தொட்டு அடக்கும். படிக்கும்போது சிக்கலாக இருக்கிறது. கை சீக்கிரமே கற்றுக்கொள்ளும்.

பயிற்சி ஒன்று சொல்கிறேன். சீராகத் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் ஈ கம்பி, அதாவது ஜி சுரம். ஒரு தட்டுக்கு மீட்டுங்கள், அடுத்த தட்டு விழும் அதே கணத்தில் நிறுத்துங்கள். அந்தத் தட்டு முழுக்க மௌனம். மீண்டும் மீட்டல், மீண்டும் நிறுத்தம். முதலில் நிறுத்தம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். அது தட்டோடு ஒட்டும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். பிறகு சுரத்தைத் தட்டின் பாதி அளவுக்குச் சுருக்குங்கள். பிறகு கால் அளவுக்கு. ஒரே சுரத்தின் நீளம் மாறும்போது பாட்டின் நடையே மாறுவதைக் கேட்பீர்கள். அது பிடிபட்ட பிறகு மெட்ரோனோமை 40க்கு இறக்கி, அந்தத் தட்டுகளை நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதாகவும் நான்காவதாகவும் வைத்துக்கொண்டு வாசியுங்கள். ஒன்றும் மூன்றும் இனி உங்கள் பொறுப்பு. இடைவெளி பெரிதாகப் பெரிதாகத் தாளம் உங்களுக்குள் இருக்கிறதா, மெட்ரோனோமில் மட்டும் இருக்கிறதா என்பது வெளிப்பட்டுவிடும். ஃபோனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கேட்காத அவசரம் மறுநாள் கேட்கும்.

எந்தச் சுரங்களிலிருந்து தொடங்குவது என்றால், ஈ, ஏ என்ற இரண்டு தடித்த கம்பிகள் போதும். ஈ கம்பியில் திறந்த நிலை ஈ, முதல் ஃப்ரெட் எஃப், மூன்றாவது ஜி. ஏ கம்பியில் திறந்த நிலை ஏ, இரண்டாவது பி, மூன்றாவது சி, ஐந்தாவது டி. ஏழு எழுத்துகளும் வந்துவிட்டன. கிட்டார்காரர் தாளில் எழுதி வைத்திருக்கும் கார்டுகளின் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களின்) பெயர்களைப் பார்த்து, ஒவ்வொன்றின் முதலெழுத்தை மட்டும் தாளத்தோடு வாசித்தாலே அது நேர்மையான பேஸ் வாசிப்பு. கூர்மைக் குறி (#) இருந்தால் ஒரு ஃப்ரெட் மேலே, தட்டைக் குறி (♭) இருந்தால் ஒரு ஃப்ரெட் கீழே.

அதன்பின் கற்க வேண்டிய ஒரு வடிவம் உண்டு. ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் ஜியை ‘ச’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட் ‘ப’. டி கம்பியில் அதே ஐந்தாவது ஃப்ரெட் மேல் ‘ச’. கையை இம்மியும் மாற்றாமல் எந்த ஃப்ரெட்டுக்கு நகர்த்தினாலும் இந்த மூன்றும் இதே வடிவத்தில் கிடைக்கும். மேஜர் கார்டானாலும் மைனர் கார்டானாலும் பொருந்தும். எண்ணிலடங்காத பாட்டுகளின் பேஸ் இந்த மூன்று சுரங்களையும் அவற்றின் நீளத்தையும் தவிர வேறொன்றுமில்லை. இவற்றை வைத்துக்கொண்டு டிரம்ஸின் மிதி முரசோடு சேர்ந்து விழப் பழகுங்கள். அது விழும் இடத்தில் நீங்களும் விழுந்தால் கேட்பவருக்கு இரண்டும் ஒரே கருவியாக ஒலிக்கும்.

ஃப்ரெட் எண்களைக் கோடுகளில் எழுதிய டேப் தாள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. விரலை எங்கே வைப்பது என்பதை அவை சொல்லும்; சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. அவற்றைச் சந்தேகம் தீர்க்க வைத்துக்கொண்டு, முதலில் காதால் கண்டுபிடிக்க முயலுங்கள். பாட்டின் அடிச்சுரத்தை முதலில் முனகிப் பார்த்து, பிறகு கம்பியில் தேடுங்கள். கம்பியைக் கட்டைவிரலால் அறையும் ஸ்லாப் வாசிப்பும் ஐந்து கம்பிப் பேஸும் எஃபெக்ட் பெடல்களும் காத்திருக்கட்டும்.

கருவியை மாற்ற வேண்டிய நேரமும் ஒன்று உண்டு. கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது தலைப்பக்கத்திலிருந்து நீளவாக்கில் பார்க்கும்போது இருபக்க ஓரங்களும் வெவ்வேறு விதமாக வளைந்து தெரிந்தால், அதை எளிதில் திருத்த முடியாது. ட்ரஸ் ராட் வேலை செய்யாத கருவியும் அப்படியே. ஃப்ரெட்டுகள் பல இடங்களில் ஏற்ற இறக்கமாக இருந்தால் சமன்படுத்தலாம். ஆனால் அந்தக் கூலி கருவியின் விலையை எட்டிவிடும். இந்த மூன்றில் ஒன்று உங்கள் பேஸில் இருந்தால், அதுவும் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால், விற்றவரிடம் கொண்டுபோய் மாற்றிக் கேளுங்கள். ஃப்ரெட் முனைகள் கையைக் கீறுவது, குமிழ் ஆடுவது, வண்ணப் பூச்சில் குறை, இவையெல்லாம் மாற்றுவதற்குக் காரணமாகா. முனைகளை ஒரு மெல்லிய அரம் கொண்டு பக்கவாட்டில் லேசாகத் தேய்த்தால் தீர்ந்துவிடும். தேய்க்கும்போது மரத்தின் மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த விசிட்டிங் கார்டு சோதனையைச் செய்து, ஏழாவது ஃப்ரெட்டில் என்ன இடைவெளி இருக்கிறது, கரகரப்பு எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட்டுகளில் வருகிறது என்ற இரண்டையும் குறித்து எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எந்தத் திருகைத் தொட வேண்டும் என்று சொல்கிறேன்.